நியூட்ரினோ ஒளியை முந்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நியூட்ரினோ (பாறையையும் பூமியையும்கூடத் துளைத்துப் போகும் நுண்துகள்) என்று பேச்சை எடுத்தால் முதலில் தேனியில் திட்டமிட்ட ஆய்வகம் வரும். அடுத்து, "அது ஒளியைவிட வேகமாகப் போகுமாமே?" என்று யாராவது கேட்பார்கள். கோட்டூர்புரம், அடையாறு, தரமணிப் பக்கம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பேசி முடித்து மைக்கை அணைத்த பிறகு கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள் சார். முந்துமா, முந்தாதா?

முந்தியதாக நிலைத்து நின்ற அளவீடு இதுவரை ஒன்றுகூட இல்லை. 2011-இல் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான அளவீடு, கருவிக் கோளாறு என்று சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் "ஒளியின் வேக வரம்பு எல்லாத் துகளுக்கும் ஒன்றுதானா?" என்ற கேள்வி அதோடு மூடப்படவில்லை. அந்தச் செய்திக்கு முன்பும் அதைச் சோதித்தார்கள், இன்றும் சோதிக்கிறார்கள். உண்மையில் சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் ஒளிக்குச் சமமான வேகத்தில் போகிறதா?

ஒரு மயிரிழை குறைவாக. நிறை உள்ள எந்தத் துகளும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது என்பது சார்பியல் கோட்பாடு. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே (1998), கனடாவின் சட்பரி ஆய்வகம் (2001, 2002) ஆகியவற்றின் முடிவுகளால் உறுதியானது. அதற்காகத் தகாகி கஜிதாவுக்கும் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் 2015-இல் நோபெல் கிடைத்தது.

ஆனால் அந்த நிறை அநியாயத்துக்குச் சிறியது. ஜெர்மனியின் கட்ரின் சோதனை 2025-இல் கொடுத்த உச்ச வரம்பு 0.45 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு). எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இந்த வரம்பையே நிறையாக வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஜெனீவாவிலிருந்து ஒளியும் 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரினோவும் ஒரே நொடியில் கிளம்பி 730 கி.மீ. ஓடுகின்றன. பந்தய முடிவில் நியூட்ரினோ பின்தங்கியிருக்கும் தூரம், ஒரு புரோட்டானின் குறுக்களவைவிடக் குறைவு. எந்தக் கடிகாரத்தாலும் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே பூமியில் நடக்கும் பந்தயத்தில் நியூட்ரினோவும் ஒளியும் 'டிராவில்' முடிய வேண்டும். அப்படி முடியாவிட்டால் ஏதோ புதிது இருக்கிறது, இல்லையென்றால் ஏதோ தவறு இருக்கிறது.

2011-இல் என்னதான் நடந்தது?

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் நியூட்ரினோக் கற்றையை மண்ணுக்குள் சாய்வாக அனுப்பியது. 730 கி.மீ. தள்ளி, இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் ஓபெரா என்ற கருவி அதைப் பிடித்தது. எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் தண்டவாளம் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம். நடுவில் சுரங்கம் எதுவும் கிடையாது, நியூட்ரினோ பாறைக்குள் நேராகப் போகும். (அப்போது இத்தாலியக் கல்வி அமைச்சகம் "சுரங்கப்பாதைக்கு நாங்களும் நிதி கொடுத்தோம்" என்கிற தொனியில் அறிக்கை விட்டு நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானது.)

இந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு சுமார் 2.4 மில்லி விநாடி ஆகும். 2009 முதல் 2011 வரை சேர்த்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை வைத்துப் பார்த்தபோது, நியூட்ரினோக்கள் சுமார் 60 நானோ விநாடி முன்னதாக வந்ததாகத் தெரிந்தது. தூரத்தில் சொன்னால் ஒளிக்கு 18 மீட்டர் முன்னால். வேக வித்தியாசம் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. 2011 செப்டம்பர் 23 அன்று செர்ன் அரங்கில் இதை அறிவித்தார்கள்.

"தூரத்தை அளந்ததில் பிழை இருக்கும்" என்றுதான் பலர் முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்த அளவீடு பிரமாதமாக இருந்தது. 730 கி.மீ.க்கு 20 செ.மீ. துல்லியம். 2009-இல் லாகுய்லா நிலநடுக்கத்தின்போது கருவி ஏழு செ.மீ. நகர்ந்தது அந்த அளவீட்டு வரைபடத்தில் தெளிவாகத் தெரியும். கற்றையின் துடிப்பு நீளமாக இருப்பதால் குழப்பம் வருகிறதோ என்று மூன்று நானோ விநாடித் துடிப்புகளாக வெட்டி அனுப்பியும் பார்த்தார்கள். அதில் 20 நியூட்ரினோக்கள் கிடைத்தன. மறுபடியும் அதே 60 சொச்சம்தான்.

பிழை இருந்தது தூரத்தில் இல்லை, கடிகாரத்துக்கு வரும் கம்பியில்.

கேபிள் லூஸ் என்றால் சிக்னல் வராமல்தானே போகும்? நேரம் எப்படி மாறும்?

நல்ல கேள்வி, ஒரு எலக்ட்ரீஷியன் கேட்டது. மலைக்கு வெளியே உள்ள ஜி.பி.எஸ். கருவியிலிருந்து உள்ளே இருக்கும் முதன்மைக் கடிகாரத்துக்கு 8 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள ஒளியிழை வழியாக நேரக் குறிப்பு வரும். அந்த இழையின் முனை முழுதாகத் திருகப்படவில்லை. ஒளி நின்றுவிடவில்லை, மங்கலாக வந்தது. மறுமுனையில் உள்ள உணரி, போதுமான ஒளி சேர்ந்த பிறகே "துடிப்பு வந்தது" என்று சொல்லும். மங்கலான ஒளியில் அந்த அளவை எட்டக் கூடுதல் நேரம் பிடித்தது. அது சுமார் 73 நானோ விநாடி.

ஆக, உள்ளே இருந்த கடிகாரம் 73 நானோ விநாடி பின்தங்கி ஓடியது. பின்தங்கிய கடிகாரத்தில் பார்த்தால் வருகிறவர்கள் எல்லாரும் சீக்கிரம் வந்தது போலத்தான் தெரியும். இதோடு கருவிக்குள் கடிகாரத் துடிப்பைத் தரும் அலையாக்கியிலும் சிறு பிசகு, எதிர்த் திசையில் சுமார் 15 நானோ விநாடி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தப் புகழ்பெற்ற 60 வந்துவிடும்.

இது யூகம் இல்லை. அதே மலைக்குள் எல்.வி.டி. என்று இன்னொரு கருவி உண்டு. விண்ணிலிருந்து வரும் மியூயான்களில் (எலக்ட்ரானின் கனமான உறவினர்) சில, இரண்டு கருவிகளையும் குறுக்காகக் கடந்து போகும். பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டபோது, 2008 நடுவிலிருந்து 2011 இறுதிவரை மட்டும் ஓபெராவின் நேரம் ஏறக்குறைய 73 நானோ விநாடி விலகியிருந்தது தெரிந்தது.

2012 மார்ச்சில் பக்கத்து அறையில் இருந்த ஐகரஸ் கருவி, அதே கற்றையின் ஏழு நியூட்ரினோக்களை வைத்து "ஒளியின் வேகம்தான்" என்றது. ஜூனில் நான்கு கருவிகளின் முடிவும் ஒன்றாக வந்தது, கேபிள் சரிசெய்யப்பட்ட ஓபெரா உட்பட.

இவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் ஒரு கேபிளைக் கூடப் பார்க்கவில்லையா?

இந்தக் கேள்வியோடு எப்போதும் ஒரு சிரிப்பும் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "எங்களுக்கே இது புரியவில்லை, தவறு எங்கே என்று தேடிப் பாருங்கள்" என்று சொல்லித்தான் அவர்கள் முடிவை வைத்தார்கள். தேடிப் பிடித்ததிலும் அவர்கள் பங்கு உண்டு. ஆனால் குழுவுக்குள் பூசல் வந்தது. குழுவின் சார்பில் பேசும் பொறுப்பில் இருந்த அந்தோனியோ எரெடிடாட்டோவும் இயற்பியல் ஒருங்கிணைப்பாளர் தாரியோ ஔத்தியேரோவும் 2012 மார்ச் இறுதியில் பதவி விலகினார்கள். எல்லாக் கம்பிகளையும் இன்னொரு முறை சோதித்துவிட்டுப் பேசியிருக்கலாம் என்ற குறை நியாயமானதே. முடிவையே மூடி வைத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

அப்புறம் ஒரு விஷயம், ஓபெராவுக்கு முன்னாலேயே 2007-இல் அமெரிக்காவின் மினோஸ் சோதனை 734 கி.மீ. தூரத்தில் இதே அளவீட்டைச் செய்தது. அதிலும் நியூட்ரினோ 126 நானோ விநாடி முன்னதாக வந்தது. ஆனால் பிழை வரம்பும் கிட்டத்தட்ட அதற்குப் பாதிக்கு மேல் இருந்ததால் யாரும் மாலை போடவில்லை.

1987 சூப்பர்நோவா கதை இதில் எங்கே வருகிறது?

என்னைக் கேட்டால் ஓபெராவை நம்பாமல் இருக்க அன்றைக்கே இருந்த மிகப் பெரிய காரணம் இதுதான். 1987 பிப்ரவரி 23, திங்கட்கிழமை, நம் நேரப்படி மதியம் 1 மணி 5 நிமிட வாக்கில், ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐ.எம்.பி., ரஷ்யாவின் பக்சான் ஆகிய மூன்று நிலத்தடிக் கருவிகளிலும் சில விநாடிகளுக்குள் நியூட்ரினோக்கள் பதிவாயின. மூன்றையும் கூட்டினால் இரண்டு டஜன் இருக்கும், அவ்வளவுதான். பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் கூட்டத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு விண்மீன் வெடித்திருந்தது. அந்த மேகம் தென்வானத்தில் இருக்கிறது. மூன்று கருவிகள் இருந்த இடத்திலும் அது தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ஆக, பதிவான அத்தனையும் பூமியைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து வந்தவை.

வெடிப்பின் ஒளி சுமார் மூன்று மணி நேரத்துக்குள் தெரிந்தது. 1,68,000 ஆண்டுப் பயணத்தில் மூன்று மணி நேரம் என்றால், வேக வித்தியாசம் ஐம்பது கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது. ஓபெரா சொன்ன வித்தியாசம் உண்மையாக இருந்திருந்தால், அந்த நியூட்ரினோக்கள் நாலு வருஷத்துக்கு முன்பே வந்து போயிருக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் முன்னதாக வந்ததே, அது முந்தியது இல்லையா?

இல்லை, அது முன்னதாகக் கிளம்பியது. விண்மீனின் மையம் சரிந்த உடனே நியூட்ரினோ வெளியேறிவிடும். ஒளியோ, அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பை எட்டும் வரை உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சில மணி நேரம் ஆகும்.

தண்ணீரில் ஒளியை முந்தும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதே?

சரிதான், அதில் விதிமீறல் இல்லை. தண்ணீரில் ஒளியின் வேகம் முக்கால் பங்காகக் குறைகிறது. நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூயான் அதைத் தாண்டும்போது நீல நிற செரென்கோவ் ஒளி வரும். நியூட்ரினோக் கருவிகள் பலவும் அந்த ஒளியைத்தான் பார்க்கின்றன. வரம்பு என்று நாம் சொல்வது வெற்றிடத்தில் ஒளியின் வேகம்.

சூப்பர்நோவா நியூட்ரினோ ஆற்றல் குறைந்தது. ஆற்றல் கூடினால் வேகமும் கூடலாம் அல்லவா?

2011-இல் பல கட்டுரைகள் நுழைந்தது இந்தச் சந்து வழியாகத்தான். 1987-இல் வந்தவற்றின் ஆற்றல் பத்து, இருபது மெகா எலக்ட்ரான் வோல்ட். ஓபெராவில் சராசரி 17 ஜிகா, அதாவது ஆயிரம் மடங்கு.

அந்தச் சந்தை ஆண்ட்ரூ கோஹனும் ஷெல்டன் கிளாஷோவும் ஓபெரா அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள்ளேயே அடைத்தார்கள். ஒளியைத் தாண்டிப் போகும் நியூட்ரினோ சும்மா போக முடியாது. போகிற வழியில் எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த் துகள்) ஜோடிகளை உதிர்த்து ஆற்றலை இழந்துகொண்டே போகும். ஓபெரா சொன்ன வேகத்தில் போயிருந்தால் 12.5 ஜிகாவுக்கு மேல் ஆற்றலுள்ள நியூட்ரினோ கிரான் சாஸ்ஸோவுக்கு வந்து சேர்ந்தே இருக்காது. ஆனால் அங்கே அவை தாராளமாக வந்துகொண்டிருந்தன. கடிகாரத்தையே தொடாத வாதம் இது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

இதையே நீட்டிப் பார்க்கலாம். எவ்வளவு அதிக ஆற்றலோடு, எவ்வளவு தொலைவிலிருந்து ஒரு நியூட்ரினோ பத்திரமாக வந்து சேருகிறதோ, அவ்வளவுக்கு வரம்பு இறுகும். 2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலிக்கு அருகே கடலடியில் இருக்கும் கே.எம்.3நெட் கருவி சுமார் 220 பீட்டா (ஜிகாவைவிடப் பத்து லட்சம் மடங்கு) எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது (2025-இல் வெளியிட்டார்கள்). மனிதன் கட்டிய எந்த முடுக்கியும் எட்டாத ஆற்றல். அது விண்வெளியில் நெடுந்தூரம் கடந்து வந்தது என்று கொண்டால், ஒளியைத் தாண்டும் அளவு ஒரு கோடி கோடி கோடியில் ஒரு பங்கைக்கூட எட்ட முடியாது.

ஸ்டாப்வாட்ச் இல்லாமலே வேகத்தைச் சோதிக்கலாம் என்கிறீர்கள். வேறு வழியும் இருக்கிறதா?

இருக்கிறது. எல்லாவற்றையும்விட நுட்பமானது அதுதான். ஆனால் பத்திரிகைகளில் வருவதே இல்லை.

நியூட்ரினோவில் எலக்ட்ரான், மியூயான், டவ் என மூன்று வகை. ஒவ்வொன்றும் மூன்று வெவ்வேறு நிறை நிலைகளின் கலவை. பயணத்தின்போது இந்த நிலைகளின் அலைகள் ஒன்றுக்கொன்று சற்றே விலகும், அதனால் கிளம்பிய வகை வேறு வகையாக மாறும். மார்கழிக் கச்சேரிக்கு முன் தம்புராவைச் சுருதி சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் துளி விலகியிருந்தால், ஒலி மெல்ல ஏறி இறங்கும். எந்தத் தந்தியின் அதிர்வெண்ணையும் தனியாக அளக்காமலே, விலகல் இருப்பது காதுக்குத் தெரிந்துவிடும். நியூட்ரினோவின் வகை மாற்றம் அப்படி ஒரு ஏற்ற இறக்கம்.

சாதாரணமாக இந்த மாற்றத்துக்குக் காரணம் நிறை வித்தியாசம். அதன் விளைவு ஆற்றல் கூடக் கூடக் குறையும். 1997-இல் சிட்னி கோல்மனும் அதே கிளாஷோவும் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஒவ்வொரு வகை நியூட்ரினோவுக்கும் உச்ச வேகம் துளி வேறாக இருந்தால், அதுவும் வகை மாற்றத்தை உண்டாக்கும். ஆனால் அதன் விளைவு ஆற்றல் கூடக் கூட அதிகரிக்கும். ஆக, இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 5,160 ஒளி உணரிகளைப் புதைத்து வைத்திருக்கும் ஐஸ்கியூப் இதற்கு வாகான இடம். வடக்கு வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ, பூமியின் முழு விட்டமான 12,700 கி.மீ.யைக் கடந்து அங்கே வரும். ஆற்றல் ஆயிரம் ஜிகாவைத் தாண்டும். அந்த நீளமும் அந்த ஆற்றலும் சேரும்போது, உச்ச வேகங்களுக்கு இடையில் 10⁻²⁶ அளவு வித்தியாசம் இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும். ஓபெரா பேசியது 10⁻⁵ பற்றி. 2018-இலும் 2022-இலும் ஐஸ்கியூப் குழு வெளியிட்ட முடிவுகளில் மீறல் எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை ஒரு நியூட்ரினோ வகையை இன்னொரு வகையோடுதான் ஒப்பிடுகிறது, ஒளியோடு அல்ல. மூன்று வகையும் சேர்ந்து ஒரே அளவு விலகினால் இது கண்டுகொள்ளாது. அதற்குத்தான் பந்தயமும் தேவைப்படுகிறது, சூப்பர்நோவாவும் தேவைப்படுகிறது.

இத்தனை முறை இல்லை என்று வந்த பிறகும் ஏன் தேடுகிறார்கள்?

குவாண்டம் கோட்பாட்டையும் ஈர்ப்பையும் இணைக்க இன்னும் முடியவில்லை. இணைக்கும் முயற்சிகள் சிலவற்றில், சார்பியலின் அடிப்படைச் சமச்சீர் (உச்ச வேகம் எல்லாத் துகளுக்கும் ஒன்றே என்பது அதிலிருந்துதான் வருகிறது) மிக உயர்ந்த ஆற்றலில் லேசாக உடையலாம் என்று வருகிறது. அந்த உயரம் 10¹⁹ ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வாக்கில். நம்மால் அங்கே போக முடியாது. ஆனால் அதன் நிழல் கீழே 10⁻¹⁹, 10⁻²⁶ போன்ற எண்களாக விழலாம். இத்தகைய எண்களைத் தொடக்கூடிய கருவிகள் உலகில் மிகக் குறைவு, நியூட்ரினோ அவற்றில் ஒன்று. உடையும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். தேடாமல் விடுவது சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்வேன்.

தேனி ஆய்வகம் வந்திருந்தால் இதைச் சோதித்திருக்குமா?

நேரடி வேகப் பந்தயம் அதன் வேலைத்திட்டத்தில் முக்கியமானதல்ல. பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது 50,000 டன் எடையுள்ள, காந்தமேற்றிய இரும்புக் கருவி. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொடக்கம் முதலே அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். காந்தப்புலம் இருப்பதால் அது நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் பிரித்தறியும். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்பதும் இதே சமச்சீரைச் சோதிக்கும் இன்னொரு வழி. செர்னிலிருந்து ஏழாயிரம் கி.மீ.க்கும் மேல் தூரம் என்பதால், அங்கிருந்து கற்றையை இங்கே அனுப்பலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் காகிதத்தில் இருந்தது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மலை, காடு, புலிகளின் நடமாட்டப் பாதை, நீர்நிலை பற்றிய எதிர்ப்புகள் வந்தன. மாநில அரசு திட்டம் வேண்டாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைவது பற்றிய கவலை வேறு, நியூட்ரினோவால் ஆபத்து என்ற பயம் வேறு. முதலாவதை உட்கார்ந்து விவாதிக்கலாம். இரண்டாவதில் சரக்கு இல்லை. சூரியனிலிருந்து மட்டும் உங்கள் விரல் நகம் அளவு இடத்தில் விநாடிக்கு 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன, ஆய்வகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வளிமண்டல நியூட்ரினோ உலகில் முதன்முதலாகப் பிடிபட்ட இடங்களில் ஒன்று, சென்னையிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கும் கோலார் தங்கச் சுரங்கம் (1965). இது பலருக்குத் தெரிவதில்லை.

திருவாதிரை விண்மீன் வெடிக்கப் போகிறது என்கிறார்களே. வெடித்தால் இந்தக் கேள்விக்கு முடிவு கிடைக்குமா?

திருவாதிரை இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் கூடத் தாங்கலாம். அது இருக்கட்டும், வெடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நியூட்ரினோ மழையாகக் கொட்டும். 1987-இல் கிடைத்த இரண்டு டஜனுக்குப் பதிலாகக் கோடிக்கணக்கில் பதிவாகும். ஆனால் ஒளியோடு ஒப்பிட்டால் 1987-ஐவிட மோசமான விடைதான் கிடைக்கும். தூரம் 600 ஒளியாண்டு வாக்கில்தான், பந்தயம் குட்டையாகிவிடுகிறது. அது மிகப் பெரிய செந்நிற விண்மீன் என்பதால் ஒளி வெளியே வர ஒரு நாள் அளவு தாமதமாகும். 600 ஆண்டில் ஒரு நாள் என்றால் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. 1987-இன் வரம்பு ஐம்பது கோடியில் ஒரு பங்கு.

ஒளியை விட்டுவிட்டு ஈர்ப்பலையோடு (காலவெளியில் பரவும் அதிர்வு) ஓட விட்டால் கதை மாறும். மையம் சரியும்போதே ஈர்ப்பலையும் கிளம்பிவிடும், மேற்பரப்புக்காகக் காத்திருக்காது. ஈர்ப்பலை ஒளியின் வேகத்தில்தான் போகிறது என்பது 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலில் உறுதியானது. 13 கோடி ஒளியாண்டு கடந்து வந்த ஈர்ப்பலைக்கும் காமாக் கதிருக்கும் இடைவெளி 1.7 விநாடிதான். ஆகவே நம் பால்வீதியில் அடுத்த விண்மீன் எங்கே வெடித்தாலும், நியூட்ரினோவையும் ஈர்ப்பலையையும் நூறில் ஒரு விநாடித் துல்லியத்தில் ஒப்பிட முடிந்தால், 600 ஒளியாண்டுக்கே வரம்பு இரண்டு லட்சம் கோடியில் ஒரு பங்காக இறுகும். முப்பதாயிரம் ஒளியாண்டு என்றால் இன்னும் ஐம்பது மடங்கு. அதற்கு ஈர்ப்பலைக் கருவிகள் அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் வரப்போகும் லைகோ இந்தியாவும் சேர்ந்துவிட்டால், உலகில் எந்நேரமும் ஏதாவது ஒரு கருவி விழித்திருக்கும் வாய்ப்பு கூடும்.